உள்ளே இருக்கும் கம்ப்யூட்டருக்கு மெயில் ரிலே

அபார்ட்மெண்ட் வாசலில் வாட்ச்மேன் தபாலை வாங்கி உரிய வீட்டில் சேர்ப்பார் அல்லவா? அதே வேலையை ஒரு மெயில் சர்வர் செய்வதற்கு ரிலே என்று பெயர். இணையத்திற்குத் தெரிவது வாசலில் உள்ள சர்வர் மட்டுமே. மெயில் பெட்டிகள் உள்ள கம்ப்யூட்டர் 192.168.1.10 போன்ற உள் முகவரியுடன் பத்திரமாக இருக்கும்.

லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கும் போஸ்ட்ஃபிக்ஸ் புரோகிராமில் இதனை அமைத்திடலாம். இதன் மெயின்.சிஎஃப் ஃபைலைத் திறந்து, ரிலே டொமைன்ஸ் என்ற வரியில் உங்கள் டொமைன் பெயரைத் தந்திடுங்கள். அதே பெயர் மை டெஸ்டினேஷன் வரியில் இருந்தால் நீக்கிவிடவும். இல்லையேல் கடிதங்கள் வாசல் சர்வரிலேயே தங்கிவிடும். அடுத்து டிரான்ஸ்போர்ட் என்ற ஃபைலில் டொமைன் பெயரையும், எதிரே உள் கம்ப்யூட்டரின் முகவரியையும் அமைத்திட வேண்டும். முகவரியைச் சதுர அடைப்புக்குறிக்குள் தரவும். டிரான்ஸ்போர்ட் மேப்ஸ் வரியில் இந்த ஃபைலைக் குறிப்பிட்டு, போஸ்ட்மேப் கட்டளையை அதன் மீது இயக்கவும்.

பலரும் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். ஆபத்து இங்குதான் உள்ளது. யார் யாருக்கு மெயில் பெட்டி உண்டு என்பது வாசல் சர்வருக்குத் தெரியாததால், இல்லாத பெயருக்கு வரும் குப்பை மெயிலையும் அது வாங்கிக் கொள்ளும். உள் கம்ப்யூட்டர் மறுத்தவுடன், அனுப்பியவருக்குத் திருப்பி அனுப்பும். அந்த அனுப்புநர் முகவரியோ பெரும்பாலும் போலி! சம்பந்தமில்லாத ஒருவரின் இன்பாக்ஸ் நிறையும். உங்கள் சர்வர் கறுப்புப் பட்டியலில் சேரலாம். எனவே சரியான முகவரிகளை மட்டும் ஒரு ஃபைலில் பட்டியலிட்டு, அதற்கும் போஸ்ட்மேப் இயக்கி, ரிலே ரெசிபியண்ட் மேப்ஸ் வரியில் தரவும்.

மை நெட்வொர்க்ஸ் வரியில் உங்கள் உள் கம்ப்யூட்டர்களின் முகவரிகள் மட்டுமே இருக்கட்டும். எல்லா முகவரிகளையும் அனுமதித்தால், ஊரார் குப்பையெல்லாம் உங்கள் சர்வர் வழியே போகும்.

போஸ்ட்ஃபிக்ஸை ரீலோட் செய்து, வேறு ஒரு மெயில் அக்கவுண்ட்டில் இருந்து இரண்டு கடிதங்கள் அனுப்பிப் பாருங்கள். சரியான பெயருக்கு அனுப்பியது உள்ளே வர வேண்டும். இல்லாத பெயருக்கு அனுப்பியது 550 என்ற எண்ணுடன் வாசலிலேயே மறுக்கப்பட வேண்டும். இரண்டுமே லாக் ஃபைலில் தென்படவில்லை என்றால், உங்கள் இணைய நிறுவனம் 25ஆம் எண் போர்ட்டை அடைத்து வைத்துள்ளதா என்று கேளுங்கள். வீட்டு இணைப்புகளில் இது வழக்கம்தான்.