பாலில் என்ன பலபடி?

கேள்வி: ஐயா, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள், பால் ‘ஒருபடித்தான கலவை’ என்று தேர்வில் எழுதினாள். ‘பலபடித்தான கலவை’ என்று திருத்தி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். டம்ளரில் மேலே, கீழே எங்கே பார்த்தாலும் பால் ஒரே மாதிரித்தானே இருக்கிறது? போதாததற்கு என் மாமியார், “பால்ல என்ன கலவை? பால் பால்தான்” என்கிறார். யார் சொல்வது சரி?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் உங்கள் மாமியாருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பால் ஒரே பொருளாக, அதாவது சேர்மமாக இருந்தால் அதன் விகிதம் மாறவே கூடாது. தண்ணீரை எங்கே எடுத்தாலும் எடைக்கணக்கில் 1 பங்கு ஹைட்ரஜனுக்கு 8 பங்கு ஆக்சிஜன்தான். ஆனால் கடையில் விற்கும் டோன்டு பாலில் கொழுப்பு 3 சதவீதம், ஸ்டாண்டர்டைஸ்டு பாலில் 4.5, ஃபுல் கிரீமில் 6. மூன்றும் பால்தான். கூட்டவும் குறைக்கவும் முடிகிறது என்றாலே அது கலவை. பசும்பாலில் ஏறக்குறைய 87 சதவீதம் தண்ணீர். கறவைக்காரர் ஊற்றியதைச் சொல்லவில்லை, மாடே தருவது அவ்வளவு. மீதியில் கொழுப்பு, புரதம், பால் சர்க்கரை, தாது உப்புகள்.

உங்கள் மகள் விஷயத்துக்கு வருவோம். ‘எங்கும் சீராக இருப்பது ஒருபடித்தானது’ என்று மனப்பாடம் செய்த குழந்தை அப்படி எழுதியதில் வியப்பில்லை. எந்த அளவுக்கு உற்றுப் பார்த்துச் சொல்கிறோம் என்பதை நாம் அவளுக்குச் சொல்லித் தருவதில்லை. உப்புக் கரைசலில் மிதக்கும் அயனிகள் ஒரு நானோமீட்டரைவிடச் சிறியவை. பாலில் இருக்கும் கேசின் என்ற புரதத்தின் துகள்களோ நூறு, இருநூறு நானோமீட்டர். கொழுப்பு உருண்டைகள் அதைவிடப் பல மடங்கு பெரியவை. மூன்று, நான்கு மைக்ரான் வரும். பள்ளி நுண்ணோக்கியிலேயே உருண்டை உருண்டையாகத் தெரியும். சர்க்கரையும் உப்பும் பாலில் உள்ள தண்ணீரில் கரைந்திருக்கின்றன. கொழுப்பும் கேசினும் கரையாமல் பரவி நிற்கின்றன. இப்படிப்பட்டதுதான் கூழ்மம்; அது பலபடித்தான கலவையில்தான் சேரும்.

நுண்ணோக்கி இல்லையென்றால் செல்போன் டார்ச் போதும். இரண்டு கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் எடுங்கள் (எவர்சில்வர் உதவாது). ஒன்றில் சிட்டிகை தூள் உப்பைப் போட்டுக் கரையுங்கள், மற்றதில் மூன்று சொட்டுப் பால். விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சின் மேல் சிறு துளை போட்ட அட்டையை வைத்து, பக்கவாட்டிலிருந்து பாருங்கள். உப்புத் தண்ணீரில் வெளிச்சம் போன தடமே அநேகமாகத் தெரியாது. பால் தண்ணீரில் தடம் பளிச்சென்று தெரியும், லேசாக நீலம் தட்டும். டம்ளருக்கு மறுபுறம் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் அங்கே வெளிச்சம் மஞ்சளாக விழும். துகள்கள் நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதால் மிச்சம்தான் தாளுக்கு வந்து சேர்கிறது. பாடப்புத்தகத்தில் வரும் டிண்டால் விளைவு இதுதான்.

இன்னும் பழைய சாட்சி வீட்டிலேயே இருக்கிறது. கறந்த பாலை அசைக்காமல் வைத்தால் கொழுப்பு மேலே வந்து திரளும். உண்மைக் கரைசலில் இப்படி எதுவும் தானாகப் பிரிந்து மேலே வராது. தயிரைக் கடையும்போது மத்து அந்தக் கொழுப்பு உருண்டைகளின் மெல்லிய உறையைக் கிழிக்கிறது. உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி வெண்ணெயாகின்றன. வெயில் ஏறுமுன் கடைவதும், குளிர்ந்த தண்ணீரைத் தெளிப்பதும் காரணத்தோடுதான். சூட்டில் கொழுப்பு இளகிவிட்டால் வெண்ணெய் சரியாகத் திரளாது.

“பாக்கெட் பாலில் ஏடே கட்டுவதில்லை, ஏதோ மருந்து கலக்கிறார்கள்” என்று அடிக்கடி கடிதம் வருகிறது. சில பாக்கெட் பாலை உயர் அழுத்தத்தில் மிக நுண்ணிய இடுக்கு வழியே செலுத்தி, கொழுப்பு உருண்டைகளை ஒரு மைக்ரானுக்கும் கீழே உடைத்துவிடுகிறார்கள். 1899-ல் பிரான்சில் ஓகுஸ்த் கோலன் என்பவர் காப்புரிமை பெற்ற முறை இது. உருண்டையின் விட்டம் நாலில் ஒன்றானால் அது மேலே எழும் வேகம் பதினாறில் ஒன்றாகிவிடும். அதனால்தான் ஏடு மெலிகிறது; மருந்து எதுவும் தேவையில்லை. அந்தப் பாலும் பலபடித்தான கலவைதான்.

ஆக, திருத்தியவர் சரி. நான் திருத்தியிருந்தாலும் மதிப்பெண்ணைக் குறைத்திருப்பேன். பக்கத்தில் ‘டார்ச் அடித்துப் பார்’ என்று ஒரு வரி எழுதியிருப்பேன். இன்று இரவே மாமியாரையும் உட்காரவைத்துச் செய்து காட்டச் சொல்லுங்கள். மூன்று சொட்டுக்கு மேல் ஊற்ற வேண்டாம். தண்ணீர் வெளுத்துவிட்டால் தடம் தெரியாது.