கையெழுத்துக்கு முன்னால்

அன்புள்ள கண்ணு,

உன் தொடர்கதையை யாரோ அப்படியே எடுத்து ஒலிக்கதையாக வாசித்து யூடியூபில் போட்டிருக்கிறார்களாம். பதிவு செய்யாததால் ஒன்றும் கேட்க முடியாது என்று நீ மனசொடிந்து கிடப்பதாக உன் அம்மா சொன்னாள். உனக்கு அப்படிச் சொன்னவர் யாரானாலும் தவறாகச் சொல்லியிருக்கிறார்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீ எழுதியபோதே அந்த எழுத்து உன்னுடையதாகிவிட்டது. பதிவு கட்டாயமில்லை. உன் ஆயுள் வரைக்கும், அதற்குப் பிறகு 60 ஆண்டுகளுக்கும் அந்த உரிமை நிற்கும். வழக்கு என்று வந்தாலும் எதிராளியின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. உரிமையாளர் குடியிருக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம் என்கிறது 62ஆம் பிரிவு. உனக்கு அது கோயம்புத்தூர். முதலில், அத்தியாயங்கள் வெளியான தேதிகளோடு யூடியூபுக்குப் புகார் அனுப்பு. மூலக் கோப்புகளை அழித்துவிடாதே.

அப்புறம் பதிவு எதற்கு? சாட்சிக்கு. பதிவேட்டில் இருப்பதை நீதிமன்றம் முதல்நிலைச் சான்றாக எடுத்துக்கொள்ளும். இலக்கியப் படைப்பு ஒன்றுக்குக் கட்டணம் 500 ரூபாய். டெல்லியில் உள்ள பதிப்புரிமை அலுவலகத்துக்கு இணையவழியாகவே விண்ணப்பிக்கலாம். ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் காத்திருப்பார்கள். வாராவாரம் எழுதுவதையெல்லாம் தனித்தனியாகப் பதிந்து காசைக் கரைக்காதே. கதை முடிந்ததும் முழு நாவலாகப் பதிந்துவிடு. சினிமாக்காரர்கள் கதை கேட்கிறார்கள் என்றால், சொல்லப் போகும் முன்பே பதிந்துவிடு.

எது உன்னுடையது இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அண்ணமார் சாமி கதையை உடுக்கடித்துப் பாடாத ஊர் நம் பக்கம் குறைவு. அந்தக் கதைக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. கலைஞர் அதை 'பொன்னர் சங்கர்' என்று நாவலாக்கினார். அந்த நடையும் வாக்கியங்களும் அவர் உருவாக்கியவை. அதே அண்ணமாரை நாளைக்கு நீயும் உன் சொற்களில் எழுதலாம். உன் கதையின் கருவை மட்டும் எடுத்துக்கொண்டு வேறொருத்தர் வேறு விதமாக எழுதினால், மனம் வலித்தாலும் விட்டுவிடு. கருவுக்குச் சட்டத்தில் காப்பு கிடையாது.

திருட்டை விட எனக்குப் பெரிய பயம் ஒப்பந்தம்தான். 1921இல் பாரதி மறைந்த பிறகு, அவர் பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை தனியாகக் கைமாறி படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பனிடம் போய்ச் சேர்ந்தது. நாடே பாடிய பாட்டைப் படத்தில் சேர்ப்பதற்கு அனுமதி தேவைப்பட்டது. 1949இல் அரசு தலையிட்டு உரிமையைப் பெற்ற பிறகுதான், பின்னாளில் அந்தப் பாடல்கள் எல்லோருக்கும் பொதுவாயின. பாரதி குடும்பத்தின் வறுமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

இன்றைக்கு நீ செல்போனில் 'சம்மதம்' என்று தொடும் ஒரு பொத்தானுக்குப் பின்னால் ஒலிநூல், மொழிபெயர்ப்பு, வெப் சீரிஸ் எல்லாம் இருக்கலாம். உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், நீ கையெழுத்திட்டிருக்க வேண்டும். எந்த உரிமை, எத்தனை காலம், எந்த நாடுகளுக்கு, எவ்வளவு பணம் என்று ஒவ்வொன்றாகப் பார். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்று சட்டம் வைத்திருக்கிறது. அதனால்தான் 'என்றென்றைக்கும்' என்று எழுதி நீட்டுகிறார்கள். அந்தச் சொல்லை அடிக்கச் சொல்லிக் கேள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. விற்ற பிறகும் ஆசிரியராக உன் பெயரைக் கோரும் உரிமை 57ஆம் பிரிவில் உனக்கு உண்டு.

அடுத்து எந்த ஒப்பந்தம் வந்தாலும் ஒரு நகலை எனக்கு அனுப்பு, கண்ணு. ஒரு வக்கீலிடமும் காட்டுவோம். அதுவரைக்கும் கையெழுத்துப் போடாதே.

இப்படிக்கு,
உன் பெரியப்பன்
பீளமேடு