வாட்ச் சொல்லும் ‘நார்மல்’

கேள்வி: அப்பாவுக்கு வயது 64. அண்ணன் வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட் வாட்ச்சில் ஈசிஜி எடுக்கும் வசதி இருக்கிறது. ‘நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கு’ என்பார். உடனே அதில் விரலை வைத்துப் பார்ப்பார். ‘நார்மல்’ என்று வந்துவிட்டால் டாக்டரிடம் வர மறுக்கிறார். அந்த வாட்ச்சை நம்பலாமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் அப்பாவை இன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். விளக்கத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

வாட்ச் சொல்லும் ‘நார்மல்’ இதயத்துடிப்பின் சீரைப் பற்றியது மட்டும்தான். ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

இதயம் துடிக்கும்போது எழும் மின்சாரம் தோலுக்கு வந்து சேர்கையில் ஏறக்குறைய ஒரு மில்லிவோல்ட்தான் இருக்கும். வாட்ச்சின் அடிப்பகுதி ஒரு மணிக்கட்டைத் தொடுகிறது, அதன் திருகுப் பொத்தானை மறுகை விரல் தொடுகிறது. இரண்டு கைகளுக்கும் இடையே உள்ள மின்னழுத்த வேறுபாட்டை 30 விநாடி பதிவு செய்கிறது. நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன், உப்புநீர்ப் பாத்திரங்களில் கைகால்களை வைக்கச் சொல்லி நூறாண்டுக்கு முன் பதிவு செய்தாரே, அந்தப் பதிவுகளில் ‘லீட் 1’ எனப்படும் கோணம் இதுதான். அந்தப் பணிக்காக 1924-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆஸ்பத்திரியில் கை, கால், மார்பு என்று 10 இடங்களில் மின்முனைகளைப் பொருத்தி, 12 கோணங்களில் பார்க்கிறார்கள். இதயத்தின் அடிச்சுவரில் வரும் மாரடைப்பு, காலையும் சேர்த்து எடுக்கும் கோணங்களில்தான் நன்றாகத் தெரியும். கைகளுக்கு இடையே மட்டும் பார்க்கும் வாட்ச்சில் அது தப்பிவிடலாம். அந்த 12 கோண ஈசிஜியே தொடக்கத்தில் சரியாகத் தோன்றலாம் என்பதால்தான் டாக்டர்கள் அதைத் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள், மாரடைப்பைக் கண்டறிய உதவும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் செய்கிறார்கள்.

அதற்காக வாட்ச்சைத் தூக்கிப் போட வேண்டாம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாறுமாறான துடிப்பைப் பிடிக்க அது மிகவும் உதவும். அந்தக் கோளாறால் இதயத்தின் மேலறையில் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். சிலருக்கு அது வந்து வந்து போகும். ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரத்தில் இருக்காது. படபடப்பு வந்த நிமிடத்திலேயே வீட்டில் எடுத்த பதிவு டாக்டருக்குப் பெரிய தடயம்.

எடுக்கும்போது கையை மேஜைமேல் தளர்வாக வைக்கச் சொல்லுங்கள், பேச வேண்டாம். தசை அசைந்தாலும் மின்சாரம் எழும்; கோடு கலங்கிவிடும். பதிவை அழிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

நெஞ்சில் அழுத்தம், வியர்வை, இடது கையிலோ தாடையிலோ வலி, மூச்சுத்திணறல் - இவை வந்தால் வாட்ச்சில் விரல் வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தாதீர்கள். சர்க்கரை நோயாளிக்கு வலி தெரியாமலேயே மாரடைப்பு வருவதுண்டு. 108-ஐ அழையுங்கள்.