எடைமேடை சிஸ்டத்தில் எந்த பிராசஸர்?

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை ஒட்டிய கிடங்கிலோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ எந்த சிஸ்டத்தை மாற்றுவது என்று கணக்குப் போடுகிறவர், நோட்டும் பேனாவுமாக மேசை மேசையாக அலைய வேண்டாம்.

பவர்ஷெல்லில் கெட்-சிம்இன்ஸ்டன்ஸ் கட்டளைக்கு வின்32_பிராசஸர் என்று கொடுங்கள். பிராசஸர் பெயர், கோர் எண்ணிக்கை எல்லாம் வந்துவிடும். பழைய டபிள்யூமிக் வேண்டாம். புதிய விண்டோஸிலிருந்து அதை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். விடையைப் பொது ஃபோல்டரில் சிஎஸ்வியாகப் போடுங்கள், சிஸ்டத்துக்கு ஒரு கோப்பு. சீரியல் எண்ணைக் கோப்புப் பெயராக வைக்காதீர்கள். அசெம்பிள் செய்த சிஸ்டம் பலவற்றில் அந்த இடத்தில் 'டு பி ஃபில்டு பை ஓஇஎம்' என்றுதான் இருக்கும். ஒரு கோப்பை இன்னொன்று அழித்துவிடும். கணினிப் பெயரோடு மேக் முகவரி போதும். அதிலுள்ள முக்காற்புள்ளிகளை மட்டும் நீக்கிவிடுங்கள், கோப்புப் பெயரில் விண்டோஸ் அவற்றை ஏற்காது.

சறுக்குவது இதற்குப் பிறகுதான். விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில், ஓரிரு விலக்கு தவிர, 8-ஆம் ஜெனரேஷனாவது வேண்டும். ஐ5-7500 தேறாது, ஐ5-8400 தேறும். முதல் இலக்கத்தை மட்டும் பார்க்கிற ஸ்கிரிப்ட், ஐ5-10400-ஐ முதல் ஜெனரேஷன் என்று குப்பைக்கு அனுப்பும். 'ஐந்து இலக்கமென்றால் இரண்டை எடு' என்று திருத்தினால் லேப்டாப் மாட்டிக்கொள்ளும்: ஐ5-1135ஜி7-இல் இருப்பது நான்கு இலக்கம், ஆனால் அது 11-ஆம் ஜெனரேஷன். என் விதி இது: நான்கோ ஐந்தோ இலக்கம் இருந்து 1-இல் தொடங்கினால் முதல் இரண்டு, இல்லையென்றால் முதல் ஒன்று. ஐ5-650 போல 'ஐ' வரிசையில் கோட்டை அடுத்து உடனே மூன்றே இலக்கமென்றால் பழைய முதல் ஜெனரேஷன், யோசிக்காமல் மாற்றுங்கள். பெயரில் 'அல்ட்ரா' இருந்தாலோ, 'ஐ' இல்லாமல் 'கோர் 5' என்பதுபோல் இருந்தாலோ புதுசு. பென்டியம், செலரானில் எந்த விதியும் செல்லாது. பென்டியம் ஜி4560 தேறாது, செலரான் ஜி4900 தேறும். ரைசனிலும் 2600 தேறும், 2400ஜி தேறாது. இவற்றை மைக்ரோசாஃப்ட் பட்டியலில் ஒவ்வொன்றாகத் தேடத்தான் வேண்டும். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 இருக்கிறதா என்பதையும் அதே ஸ்கிரிப்ட்டில் கேட்டுவிடுங்கள்.

எடைமேடை அறை சிஸ்டத்துக்குத் தனி வரி போடுங்கள். இண்டிகேட்டர் வயர் ஒன்பது முள் சீரியல் போர்ட்டில் மாட்டியிருந்தால், வாங்கப்போகும் சிஸ்டத்திலும் அந்த போர்ட் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். நெட்வொர்க் இல்லாத அறையென்றால், லாரி வரிசை இல்லாத நேரமாகப் பார்த்து பென்டிரைவோடு போங்கள். பவர்ஷெல் கோப்பை இரட்டைக் கிளிக் செய்தால் நோட்பேடில்தான் திறக்கும். அதை ஓட்டிவிடும் ஒரு பேட் கோப்பையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.