பணக்கணக்கு வினாக்களின் மொழியமைப்பும் ஒருங்கமை சமன்பாடுகளும்: கோபிசெட்டிபாளையம் மஞ்சள் விற்பனையை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

இரு பொருள்களின் விலையை இரு மொத்தத் தொகைகளிலிருந்து காணும் கணக்குகளில், விடையின் செல்லுபடியை உறுதிசெய்வது எண்களைக் காட்டிலும் வினாவின் சொற்றொடரே என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: எண்ணும்மை, வீதம், ஒருங்கமை சமன்பாடு, விரலி, கிழங்கு.

பழைய வடிவம்

இவ்வகைக் கணக்கு புதியதன்று. இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், மகாவீரர் இயற்றிய கணிதசாரசங்கிரகத்தில் இது முழு வடிவில் காணப்படுகிறது. இந்நூலை எம். ரங்காசாரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912இல் சென்னையில் பதிப்பித்தார். 9 மாதுளங்கமும் 7 விளாம்பழமும் 107 விலை. 7 மாதுளங்கமும் 9 விளாம்பழமும் 101 விலை என்பது அதிலுள்ள கணக்கின் சாரம். எண்கள் கண்ணாடிப் பிம்பம்போல் இடம் மாறி நிற்பதால் கூட்டலும் கழித்தலுமே போதும். கூட்டினால் இரண்டின் விலைத்தொகை 13. கழித்தால் வேறுபாடு 3. மாதுளங்கம் 8, விளாம்பழம் 5.

கோபி வட்டாரத்து எடுத்துக்காட்டு

2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோடு மஞ்சள், கோபிசெட்டிபாளையம் கூட்டுறவு விற்பனைச் சங்கத்திலும் ஏலம் விடப்படுகிறது. விரலிக்கும் கிழங்குக்கும் தனித்தனி விலை. விளக்கத்திற்காக அமைத்த பின்வரும் எண்களைக் கொள்ளலாம்: ஓர் உழவர் 5 குவிண்டால் விரலியும் 3 குவிண்டால் கிழங்கும் விற்று ரூ.69,000 பெறுகிறார், மற்றொருவர் 3 குவிண்டால் விரலியும் 5 குவிண்டால் கிழங்கும் விற்று ரூ.67,000 பெறுகிறார். விரலி விலை அ, கிழங்கு விலை ஆ எனில்,

5அ + 3ஆ = 69,000
3அ + 5ஆ = 67,000

கூட்டி 8ஆல் வகுக்க அ + ஆ = 17,000. கழித்து 2ஆல் வகுக்க அ − ஆ = 1,000. எனவே விரலி ரூ.9,000, கிழங்கு ரூ.8,000.

இங்குக் கூட்டற்குறியாக மாறுவது 'விரலியும் கிழங்கும்' என்னும் எண்ணும்மை. 'விலை' என்னும் சொல்லோ இடர் தருவது. அது குவிண்டால் ஒன்றின் விலையையும் குறிக்கும். கொடுத்த மொத்தத்தையும் குறிக்கும். 'வீதம்' என்ற ஒரு சொல் சேர்ந்தால் ஐயம் நீங்கும். வினாவைச் சுருக்குபவர்கள் முதலில் வெட்டுவதும் பெரும்பாலும் இச்சொல்லைத்தான்.

இதனினும் பெரிய சிக்கல் வினாவில் சொல்லப்படாத ஒன்றில் இருக்கிறது. இரு சமன்பாடுகளிலும் வரும் 'அ' ஒன்றே என்பதற்கு மேற்கண்ட வினாவில் எந்தச் சொல்லும் சான்றளிக்கவில்லை. இரண்டாமவர் அடுத்த ஏலநாளில், இரு வகைக்கும் குவிண்டாலுக்கு ரூ.400 குறைந்தபின் விற்றார் எனக் கொண்டால் அவர் பெறுவது ரூ.63,800. இதை அறியாது மாணவர் அதே வழியில் தீர்த்தால் விரலி ரூ.9,600, கிழங்கு ரூ.7,000 என வரும். சரிபார்த்தாலும் இரு சமன்பாடுகளும் நிறைவுறும். ஆயினும் எந்த நாளிலும் அவ்விலைகளில் மஞ்சள் விற்கவில்லை. பாடநூல் வணிகர் பேரம் பேசுவதில்லை என்பது அறிந்ததே. ஏலத்தில் குவியலுக்குக் குவியல் தரம் பார்த்து விலை கூறப்படுவதால், அங்கு ஒரே நாளிலும் ஒரே விலை நிலவுவதில்லை. ஆகவே 'ஒரே நாளில், ஒரே தரத்தில், அதே வீதத்தில்' என்னும் அடை வினாவின் இன்றியமையாத உறுப்பு. 'ஒருங்கமை' என்னும் கலைச்சொல்லின் பொருளும் அவ்வடையில்தான் தங்கியுள்ளது.

தீர்வு கிட்டாத நிலை

இரண்டாமவர் 10 குவிண்டால் விரலியும் 6 குவிண்டால் கிழங்கும் விற்று ரூ.1,38,000 பெற்றிருந்தால், இரண்டாம் சமன்பாடு முதலதன் இரட்டிப்பே. 9,000, 8,000 என்னும் இணையும் பொருந்தும். 9,600, 7,000 என்னும் இணையும் பொருந்தும். மொத்தத் தொகை மட்டும் எழுதிய சீட்டுகள் எத்தனை சேர்ந்தாலும், இரு வகைகளின் அளவு விகிதம் மாறாதவரை, கிழங்குக்குத் தனக்கு என்ன விலை கிடைத்தது என்பதை உழவர் அவற்றிலிருந்து அறிய இயலாது.