ரூபாவுக்குப் பத்துப் பைசா

புல்மோட்டை,
செப்டெம்பர் 14.

அன்பு மகள்,

ஒக்டோபர் வாசிப்பு மாதத்துக்கு உங்கள் பாடசாலையில் விவாதம் வைக்கிறார்களாம். மக்களின் வாசிப்பை அரசாங்கத்தால் வளர்க்க முடியுமா என்பது தலைப்பாம். நீ ‘முடியும்’ என்ற பக்கம் பேசப் போவதாக உம்மா சொன்னா. இந்தியாவில் அரசு செய்ததை எல்லாம் வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தாய். இது அதில் அடங்கக்கூடிய விஷயம் இல்லை. தபாலில் வருகிறது, ஆறுதலாக இருந்து வாசி.

நீ சேர்த்து வைத்திருக்கும் குறிப்புகளைப் பார்த்தேன். முக்கால்வாசியும் கண்காட்சிதான். 1972இல் தொடங்கிய புதுடில்லி உலகப் புத்தகக் கண்காட்சி, 2023 ஜனவரியில் சென்னையில் நடந்த சர்வதேசப் புத்தகக் கண்காட்சி, தமிழ்நாட்டில் மாவட்டத்துக்கு மாவட்டம் அரசே நடத்துகிற புத்தகத் திருவிழா. மேடையில் சொல்ல நன்றாக இருக்கும், கைதட்டலும் விழும். ஆனால் எதிரணியில் விபரம் தெரிந்த ஒரு பிள்ளை இருந்தால், “பத்து நாள் திருவிழா முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு, கையில் காசில்லாத பிள்ளை எங்கே போய் வாசிக்கும்?” என்று கேட்கும். அந்த இடத்தில் நீ தடுமாறக் கூடாது. அதற்கான பதில் ஒரு நூலகச் சட்டத்தில் இருக்கிறது. இந்தக் கடிதத்தில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

அந்தச் சட்டத்துக்காக உழைத்தவர் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். அவர் கணித ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நூலகரானார். நூலகத் தொழில் படிக்க லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே ஊர்தோறும் பொதுமக்களின் வரிப்பணத்தில் நூலகங்கள் நடப்பதைப் பார்த்துவிட்டு வந்தவர், வாழ்நாள் முழுக்க அந்த ஒரே வேலையில் நின்றார். 1931இல் அவர் எழுதிய நூலகத்தின் ஐந்து விதிகளை இன்றும் உலகம் முழுக்கப் பாடமாக வைத்திருக்கிறார்கள். புத்தகம் பூட்டி வைப்பதற்கல்ல, எடுத்து வாசிப்பதற்கு என்பதுதான் அவற்றின் சாரம். கேட்க மிகச் சாதாரணமாக இருக்கும். நம் பக்கத்தில் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டுப் போட்டு, திறப்பை அதிபரின் லாச்சியில் வைக்கிற பாடசாலைகளை நினைத்துப் பார், எவ்வளவு பெரிய விதி என்று விளங்கும்.

அதே 1931இல் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் ஒரு மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு அனுப்பினார். அந்த ஒக்டோபரில் புறப்பட்ட அந்த வண்டிதான் தமிழ்நாட்டு நடமாடும் நூலகங்களுக்கெல்லாம் மூத்தது. அரசாங்கம் செய்ததல்ல, ஒரு தனிமனிதர் தன் விருப்பத்தில் செய்தது. எதிரணி இதை எடுத்துக்காட்டினால் மறுக்காதே. ஆனால் ஒன்று கேள்: அந்த மனிதர் சோர்ந்து போனால் அடுத்த வருடம் வண்டிக்கு மாடு யார் பூட்டுவது?

ரங்கநாதனின் தலையைக் குடைந்ததும் அதே கேள்விதான். 1930இல் காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டில் ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை எழுதிக் கொடுத்தார். 1933இல் அதைச் சென்னைச் சட்டசபைக்குக் கொண்டு போனவர் பஷீர் அகமது சயீது. பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர், பெண்களுக்கென்று கல்லூரி நிறுவியவர். அந்த மசோதா நிறைவேறவில்லை. சுதந்திரம் வந்து, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சரான பிறகே, 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. ஒரு சட்டசபை உறுப்பினர் கையில் எடுத்ததிலிருந்து எண்ணினால் பதினைந்து வருடம்.

சட்டம் செய்தது இதுதான். வீடு, கடை வைத்திருப்பவர்கள் உள்ளூராட்சிக்குச் சொத்து வரி கட்டுகிறார்கள் அல்லவா? அந்த வரியோடு நூலக வரி என்று ஒரு சிறு தொகையைச் சேர்த்து வசூலிக்க வேண்டும். ஆரம்பத்தில் குறைவாக இருந்து, பிறகு ரூபாவுக்குப் பத்துப் பைசா ஆனது. அந்தப் பணத்தை வசூலிப்பது நகராட்சி அல்லது பஞ்சாயத்து. ஆனால் அதைத் தொட அதற்கு உரிமை இல்லை. மாவட்டத்துக்கு ஒன்றாக இருக்கிற நூலக ஆணைக்குழுவிடம் கொடுத்துவிட வேண்டும். மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் எல்லாம் அந்த ஆணைக்குழுவின் கீழ் நடக்கின்றன.

இதில் இருக்கிற சூட்சுமத்தைக் கவனி. பணம் மாவட்டம் முழுக்க ஒரே உண்டியலில் விழுகிறது. தஞ்சாவூர் நகரத்தில் மாடிவீடு கட்டியவர் கட்டுகிற வரியில், பேராவூரணிப் பக்கத்துக் கிராமத்து நூலகத்துக்குப் பத்திரிகை வாங்கலாம். ஏழை ஊர் தன் கையிருப்பை நம்பி இருக்கத் தேவையில்லை. அடுத்தது, சாலைக்கும் சாக்கடைக்கும் அவசரம் வந்தாலும் நூலகத்துப் பணத்தை அதற்குத் திருப்ப முடியாது. எந்த அரசியல்வாதிக்கும் புத்தகம் கடைசி அவசரம்தான். அதனால்தான் அவர் கைபடாத தூரத்தில் அந்தப் பத்துப் பைசாவை வைத்தார்கள். இந்திய அரசுகள் புத்தகத்துக்குச் செய்தவற்றில் எது பெரியது என்று என்னிடம் கேட்டால் தயங்காமல் இதைச் சொல்வேன்.

குறை இல்லாமலில்லை. வசூலித்த வரியை உள்ளூராட்சிகள் ஆணைக்குழுவுக்குக் கொடுக்காமல் இழுத்தடிப்பது அங்கே பழைய முறைப்பாடு. அரசு நூலகங்கள் மொத்தமாகப் புத்தகம் வாங்குவதால் பதிப்பாளர்கள் பிழைக்கிறார்கள் என்பது உண்மை. அந்தக் கொள்முதலை நம்பியே, வாசகனை நினைக்காமல் அச்சடிக்கப்பட்டவையும் அலுமாரிகளில் நிறைய இருக்கின்றன. இன்னொன்று, 2006க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் என்று தமிழ்நாட்டின் 12,600க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளில் ஊராட்சிக்கு ஒரு நூலகக் கட்டடம் எழுப்பினார்கள். எவ்வளவு பெரிய காரியம்! ஆனால் அதைத் திறந்து வைத்து உட்காரும் ஆளுக்குச் சொற்ப மதிப்பூதியம். ஆட்சி மாறியதும் அதைக் கவனிப்பாரும் இல்லை. பல கட்டடங்கள் பூட்டிக் கிடந்தன. கட்டடம் கட்டுவது அரசுக்குச் சுகம், பெயர்ப்பலகை வைக்கலாம். மாதாமாதம் நூலகருக்குச் சம்பளம் கொடுப்பதில் பெயர்ப்பலகை வைக்க முடியாதே.

2010இல் சென்னை கோட்டூர்புரத்தில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தை நீ படத்தில் பார்த்திருப்பாய். மறு வருடமே புதிய அரசு அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப் போவதாக அறிவித்தது. உயர் நீதிமன்றம் தடுத்திராவிட்டால் இன்று அது நூலகமாக இருந்திராது. கொடுக்கிற கை எடுக்கவும் எடுக்கும் என்று எதிரணி சொல்லும். அதனால்தான் சட்டம் தேவை என்று நீ சொல்.

அடுத்தது புத்தகம் உண்டாக்குகிற வேலை. நம் ஊருக்குக் கனியமணல் கூட்டுத்தாபனம் வந்த அதே 1957இல், டில்லியில் நேரு அரசு நேஷனல் புக் டிரஸ்ட் என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. சாகித்திய அகாதமி அதற்கு மூன்று வருடம் மூத்தது. தனியார் பதிப்பாளர் லாபம் வராதென்று தொடாத புத்தகங்களை, முக்கியமாக ஓர் இந்திய மொழியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் மொழிபெயர்ப்புகளை, மலிவு விலையில் போடுவது இவற்றின் வேலை. 1969இல் பிள்ளைகளுக்கென்று நேரு பால புத்தகாலயம் என்ற வரிசை வந்தது. படம் ஒரே படம், எழுத்து மட்டும் மொழிக்கு மொழி மாறும். அசாமில் ஒரு பிள்ளை பார்க்கிற யானையைத்தான் தமிழ்ப் பிள்ளையும் பார்க்கும்.

என் அலுமாரியில் இரண்டாம் தட்டில் மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீர் இருக்கிறார். ‘பாத்துமாவின் ஆடு’, ‘இளம் பருவத்துத் தோழி’ இரண்டையும் ஒரே அட்டைக்குள் போட்ட நேஷனல் புக் டிரஸ்ட் பதிப்பு. காகிதம் மட்டம், அட்டை அழகில்லை, விலை தேத்தண்ணிக் காசு. பஷீர் தன் வீட்டைப் பற்றியே எழுதியது முதல் கதை: உம்மா, தம்பிமார், மச்சிமார், பிள்ளைகள் என்று நிறைந்து வழிகிற வீடு, நடுவில் தங்கச்சி பாத்துமாவின் ஆடு. அந்த ஆடு பஷீர் எழுதிய புத்தகங்களையே மென்று தின்னும். தின்றவற்றில் ஒன்று ‘இளம் பருவத்துத் தோழி’யின் மூலப் புத்தகம்! அதாவது முதல் கதையில் ஆடு தின்ற புத்தகத்தை இரண்டாவது கதையாக நீ வாசிக்கலாம். அந்த வீட்டுச் சத்தம் நம் வீட்டுச் சத்தம் மாதிரியே கேட்கும். வந்து எடுத்துப் போ. திருப்பித் தர வேண்டும். தகழியின் ‘செம்மீன்’ சுந்தர ராமசாமியின் தமிழில் வந்ததும் இப்படித்தான், சாகித்திய அகாதமியின் செலவில். கேரளத்து மீனவர்களின் கதையைக் கொக்கிளாய்க் களப்பு ஓரத்தில் ஒருவன் தமிழில் வாசிப்பது சந்தையால் நடக்கிற காரியமில்லை.

அண்மைக்காலத்தில் எனக்குப் பிடித்தது தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம். ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு படிநிலையில் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள். சில பக்கம்தான். தடித்த புத்தகத்தைக் கண்டு ஓடுகிற பிள்ளை இதை ஒரே மூச்சில் முடித்துவிட்டு அடுத்தது கேட்கும். பரீட்சை இல்லை, புள்ளி இல்லை. நம் நாட்டில் 1980இலிருந்து பாடநூல் இலவசம், அது பெரிய கொடைதான். ஆனால் பரீட்சைக்குப் படிப்பதோடு வாசிப்பு முடிந்தது என்ற எண்ணமும் அதோடு வந்துவிட்டது.

கேரளத்தை எதிரணி கட்டாயம் இழுக்கும். அங்கே 1945இல் பி. என். பணிக்கர் 47 ஊர் நூலகங்களைச் சேர்த்து ஒரு சங்கம் ஆரம்பித்தார், அது மாநிலம் முழுக்கப் பரவியது. மக்கள் செய்தது, அரசு செய்யவில்லை என்பார்கள். முழுக்கச் சொல் என்று கேள். பிறகு அரசு அதைப் பொறுப்பேற்றது. 1989இல் சட்டம் போட்டு, ஊரார் நடத்தும் நூலகங்களைத் தரம் பிரித்து ஆண்டுதோறும் மானியம் கொடுக்கிறது. ஊர் கூடித் தேர் இழுத்தது. வடத்துக்குப் பணம் அரசு கட்டியது. பணிக்கர் மறைந்த ஜூன் 19 அங்கே வாசிப்பு நாள்.

இனி நம் கதை. ரங்கநாதன் நமக்கு அந்நியர் இல்லை. ஐம்பதுகளில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை அமைக்க ஆலோசனை சொன்னவர் அவர். வரைபடம் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனுடையது. 1959இல் திறந்த அந்தக் கட்டடத்துக்கு 1981இல் என்ன நடந்தது, எத்தனை ஆயிரம் புத்தகங்கள் எரிந்தன என்பது உனக்குத் தெரியும். தேசிய நூலகச் சேவைகள் சபைக்கு 1970இல் சட்டம் வந்தது, கொழும்பில் தேசிய நூலகம் 1990இல் திறந்தது. ஒக்டோபரில் வாசிப்பு மாதம் வைக்கிறோம், பதாகை கட்டுகிறோம், கட்டுரைப் போட்டி நடத்துகிறோம். மறுபுறம் 2024 ஜனவரியில் புத்தகத்துக்கும் 18 வீத வற் வரியைப் போட்டோம். இந்தியாவில் அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. இந்த ஒப்பீட்டை விவாதத்தில் கட்டாயம் சொல்.

நம் பகுதிப் பொது நூலகங்கள் குச்சவெளிப் பிரதேச சபையின் பொறுப்பு. செலவு சபையின் பொதுப் பணத்திலிருந்து. திருகோணமலைப் பட்டணத்தில் வசூலாகும் வரியில் ஒரு சதமும் இங்கே வராது. மீன்பிடியும் வயலுமாக இருக்கிற பிரதேசத்துச் சபையிடம் எவ்வளவு மிஞ்சும்? இந்த மண்ணிலிருந்து இல்மனைற் கனியமணல் கப்பல் கப்பலாகப் போகிறது. அதில் பிள்ளைகளின் புத்தகத்துக்கென்று சட்டப்படி ஒரு பங்கு இருந்தால் என்ன என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். உன் பேச்சில் வேண்டுமானால் சேர்த்துக்கொள், என் பெயர் வேண்டாம்.

விவாதத்தில் வெல்வது தோற்பது இருக்கட்டும். உன் கூட்டாளிமாரோடு சேர்ந்து இரண்டு கடிதம் எழுது. ஒன்று, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், சபையின் தகவல் அலுவலருக்கு: கடந்த மூன்று வருடங்களில் நூலகங்களுக்குப் புத்தகம் வாங்க எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவழித்தார்கள் என்று மட்டும் கேள். தருவதா இல்லையா என்பதை 14 வேலைநாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். மற்றது தவிசாளருக்கு: அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்தில் புத்தகத்துக்கென்று தனித் தலைப்பில் ஒரு தொகை ஒதுக்கச் சொல்லி. அதோடு நீங்கள் வாசிக்க விரும்பும் புத்தகங்களின் பட்டியலை, பதிப்பகமும் விலையும் போட்டு, இணைத்துவிடு. பட்டியல் இல்லாத கோரிக்கைக்கு வாங்குபவர் கண்டதையும் வாங்குவார். வரவு செலவுத் திட்டம் வருட முடிவில் சபைக்கு வரும், ஆகவே ஒக்டோபர் முடிவதற்குள் இரண்டையும் பதிவுத் தபாலில் அனுப்பு. பிரதி எடுத்து வைத்துக்கொள்ள மறக்காதே.

அன்புடன்,
உன் மாமா