சூரைச்செடியின் நிழலில்

வாசிக்க வேண்டிய பகுதி: 1 இராஜாக்கள் 19:1–18



எங்கள் சிறுநீரகப் பிரிவில் வாரத்திற்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம், டயாலிசிஸ் இயந்திரத்தோடு இணைக்கப்பட்டுப் படுத்திருப்போர் பலர். மருந்தைப் பற்றியும் உணவைப் பற்றியும் அவர்கள் எங்களிடம் உரக்கவே கேட்கிறார்கள். ஒன்றை மட்டும் தாழ்ந்த குரலில் சொல்கிறார்கள்: “போதும் டாக்டர், இனி முடியாது.” சொன்ன பிறகு பலர் வெட்கப்படுகிறார்கள். விசுவாசமுள்ளவர்கள் இப்படிப் பேசலாமா என்று தங்களையே கடிந்துகொள்கிறார்கள். அவர்களை மனதில் வைத்தே இவ்விதழின் பாடத்திற்கு எலியாவைத் தெரிந்துகொண்டோம்.

எலியா பலவீனமான மனிதரல்லர். கர்மேல் மலையில் நாடே பார்த்திருக்க வெற்றி கண்டவர். அந்த வெற்றிக்குப் பின், அரசி யேசபேல் அனுப்பிய ஒரே மிரட்டல் செய்தி அவரை ஓடவைத்தது. பெயெர்செபா வரை சென்று, உடனிருந்த ஊழியனை அங்கே விட்டுவிட்டு, தனியாக வனாந்தரத்தில் ஒரு நாள் பயணம் நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளும்படி இறைவனிடம் கேட்டார். பிறகு படுத்து உறங்கிவிட்டார்.

மருத்துவர்களாகிய எங்கள் கண்ணுக்கு இந்தச் சில வசனங்கள் மிகத் துல்லியமான நோய்க்குறிப்பு போலத் தோன்றுகின்றன. பெருமுயற்சிக்குப் பின் வரும் சோர்வு, பயம், உடனிருப்பவரை விலக்கிவிட்டுத் தனிமையைத் தேடுதல், சாக வேண்டும் என்ற எண்ணம். ஒன்றும் மறைக்கப்படவில்லை. பெரியதொரு தீர்க்கதரிசியின் வரலாற்றில் இப்பகுதியை நீக்கிவிட வேண்டும் என்று வேதத்தை எழுதியவர்கள் எண்ணவில்லை என்பதே நமக்கு ஆறுதல் தரக்கூடியது.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். தூதன் வந்து எலியாவைக் கண்டிக்கவில்லை. உன் விசுவாசம் எங்கே என்று கேட்கவுமில்லை. அவரைத் தொட்டு எழுப்பி, உண்ணச் சொன்னான். தலைமாட்டில் தணலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. எலியா உண்டு, குடித்து, மறுபடியும் படுத்துக்கொண்டார். அதற்கும் கோபம் இல்லை. தூதன் இரண்டாம் முறை வந்து தொட்டான். போகவேண்டிய வழி நெடுந்தூரம் என்பதால் இன்னும் உண்ணுமாறு சொன்னான். (அந்தத் தண்ணீர்ப் பாத்திரத்தை மட்டும் எங்கள் டயாலிசிஸ் நோயாளிகள் அப்படியே பின்பற்ற வேண்டாம். உங்களுக்குரிய அளவைச் செவிலியர் குறித்துத் தந்திருக்கிறார்.)

போதகர்கள் பலர் இப்பகுதியை வேகமாகக் கடந்து, ஓரேப் மலையில் கேட்ட மெல்லிய குரலுக்குப் போய்விடுகிறார்கள். நாங்கள் அவ்வாறு கடக்க விரும்பவில்லை. காற்றும் நில அதிர்ச்சியும் நெருப்பும் மெல்லிய குரலும் எல்லாம் நாற்பது நாள் நடைக்குப் பின் வந்தவை. முதலில் வந்தவை உறக்கமும் உணவும் ஒரு கையின் தொடுதலும். கட்டிலருகே அமர்ந்திருப்போர் எதைச் சொல்லித் தேற்றுவது என்று தவிக்கிறார்கள். பல வேளைகளில் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை. நேரத்திற்குக் கொஞ்சம் கஞ்சி கொடுத்து, கையைப் பற்றிக்கொண்டிருந்தால் போதும். உங்களுக்கும் அதுவே பொருந்தும். நோயாளிக்கு ஊட்டிவிட்டுத் தாம் பட்டினி கிடந்து, வார்டு வராந்தாவில் மயங்கி விழுந்த தாய்மாரை நாங்கள் கண்டிருக்கிறோம்.

ஓரேபில் இறைவன் கேட்ட கேள்வி எளிது: இங்கே உனக்கு என்ன வேலை? எலியா தம் குறையை எல்லாம் கொட்டினார்; தாம் ஒருவரே எஞ்சியிருப்பதாகச் சொன்னார். அதே கேள்வி மறுபடியும் வந்தபோது அதே பதிலையே மீண்டும் சொன்னார். இரண்டு முறையும் அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்கப்பட்டது. நேற்றுச் சொன்ன வேதனையை நோயாளி இன்றும் சொன்னால் நாம் முகம் சுளிப்பது எவ்வளவு தவறு!

அதன் பின்னரே பணி கொடுக்கப்பட்டது. ஆசகேலையும் யெகூவையும் அபிஷேகம் செய்யவேண்டும். தமக்குப் பின் ஊழியத்தைத் தொடர எலிசாவை ஆயத்தப்படுத்தவேண்டும். தாம் தனியாள் என்று எண்ணியிருந்தவருக்கு, தம்மைப்போலவே நிலைத்திருக்கும் 7000 பேர் நாட்டில் உண்டு என்ற செய்தியும் கிடைத்தது. சாகக் கேட்டவரின் கேட்பு நிறைவேறவில்லை. அவருக்கு இன்னும் வேலை இருந்தது. எங்கள் பிரிவில் பல ஆண்டுகளாகச் சிகிச்சை பெறும் ஒருவர், புதிதாக டயாலிசிஸுக்கு வருவோரின் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, முதல் நாள் எப்படியிருக்கும் என்று சொல்லிக்கொடுக்கிறார். அந்தப் பணியை அவருக்கு நாங்கள் கொடுக்கவில்லை. எங்களைவிட நன்றாகச் செய்கிறார்.

ஒரு எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஜெபித்தோம், இனி மருந்து வேண்டாம் என்று இன்சுலினை நிறுத்தியவர்களையும் டயாலிசிஸுக்கு வராமல் இருந்தவர்களையும், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறிய நிலையில் நள்ளிரவில் தூக்கி வந்ததுண்டு. எல்லாரையும் எங்களால் காப்பாற்ற முடியவில்லை. எசேக்கியா அரசன் மரணப்படுக்கையில் அழுது ஜெபித்தபோது, அவனுக்கு ஆயுள் கூட்டித் தரப்படும் என்று அறிவித்த அதே ஏசாயா, அத்திப்பழ அடையைக் கட்டியின்மேல் வைத்துக் கட்டவும் சொன்னார் (2 இராஜாக்கள் 20). ஜெபமும் மருந்தும் ஒரே அறையில் இருந்தன. அவற்றைப் பிரிக்க எவருக்கும் உரிமை இல்லை என்பது எங்கள் உறுதியான கருத்து.

“போதும்” என்ற எண்ணம் உங்களுக்கோ நீங்கள் பராமரிப்பவருக்கோ வந்தால், அன்றே எங்களிடம் சொல்லுங்கள். அதைப் பாவமாகவோ அவமானமாகவோ நாங்கள் கருதமாட்டோம். சில வேளைகளில் அது மருந்தின் விளைவு, சில வேளைகளில் மனச்சோர்வு நோய். இரண்டிற்கும் செய்யக்கூடியது உண்டு. மருத்துவமனைப் போதகரையும் செவிலியர் மூலம் அழைக்கலாம்.

இப்பகுதியை இன்றிரவு வாசிக்க எண்ணுவோர், நோயாளி களைத்திருந்தால் 8ஆம் வசனத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மீதியை நாளை வாசிக்கலாம். எலியாவும் இடையில் இரண்டு முறை படுத்துக்கொண்டார்.